வீட்டுக்குள் வெள்ளமா? எந்த ஃபேன் ஈரத்தை விரட்டும்!

விருத்தாசலம் செராமிக் தொழிலாளர்களுக்குத் தெரிந்த பாடம் இது: பச்சைக் களிமண் பொம்மையில் ஒரு பக்கம் மட்டும் பலமாகக் காற்றுபட்டால் விரிசல் விடும். சீராகக் காய்ந்தால்தான் சூளைக்குப் போகும்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை கடலூர் மாவட்ட வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? நனைந்த வீட்டுக்கும் அதே பாடம்தான். ஆனால், தாமதம் கூடாது. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நீடித்தாலே பூஞ்சை தொடங்கிவிடலாம்.

முதலில் எலெக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதிக்கட்டும். தண்ணீரை வழித்துத் துடைத்த பிறகே ஃபேன்!

அறை முழுக்க ஈரமா? பெடஸ்டல் ஃபேன் போன்ற ஆக்சியல் வகை போதும். நிறைய காற்றைப் பரவலாகத் தள்ளும்.

சுவரோரம், அலமாரி இடுக்கில் ஈரமா? நத்தை வடிவ சென்ட்ரிஃபியூகல் புளோயர் சரி. காற்றைக் குவித்து, அழுத்தமாக அனுப்பும். தரையில், சுவரை நோக்கிச் சாய்வாக வையுங்கள்.

ஈரக்காற்று சுற்றிச் சுற்றி வருகிறதா? ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் போடுங்கள். வெளியே மழை என்றால் ஜன்னலைச் சாத்தி, ஏ.சி-யை 'டிரை' மோடில் வையுங்கள்.

மரக்கதவுக்கு நேராகப் பலத்த காற்று வேண்டாம், விரியும். பூஞ்சை படர்ந்துவிட்டதா? ஃபேன் போடாதீர்கள். அதன் துகள்கள் வீடெங்கும் பரவும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. சுத்தம் செய்த பிறகே காற்று!