முட்டைக்கு விலை போடுவது யார்?

துவரம்பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய் என்று 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' நாளிதழ்களில் தனியாக வரும். இங்கே விளையாத சரக்குக்கும் இங்கேதான் விலை என்று பெயரெடுத்த ஊர் இது. ஆனால் முட்டை என்று வந்துவிட்டால், இந்த ஊரே நாமக்கல்லின் வாயைப் பார்த்து நிற்கிறது.

நாமக்கல் விலையை அறிவிப்பது என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. வியாபாரிகள் கேட்ட விலைக்கே, பல நேரம் அடக்கவிலைக்கும் கீழே, பண்ணையாளர்கள் முட்டையைத் தள்ளிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அதை மாற்ற 1982இல் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைத் திரட்டி உருவாக்கிய அமைப்பு இது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது அறிவிப்பது பரிந்துரை விலைதான், அரசு நிர்ணயித்த விலை அல்ல. அதற்கும் கீழே சில பத்து பைசாக்களைக் கழித்து வாங்கும் 'மைனஸ்' வழக்கம் பற்றிப் பண்ணையாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பி வந்திருக்கிறார்கள். ஆக, பேப்பரில் வரும் விலை ஒன்று, பண்ணைக்காரர் கைக்கு வருவது ஒன்று, சிவகாசிப் பெட்டிக்கடையில் கொடுப்பது இன்னொன்று.

இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு நீண்ட சாலை இருக்கிறது. ஓர் அட்டைக்கு 30, ஒரு பெட்டிக்கு 210 என்று அடுக்கப்பட்ட முட்டை, 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் கரூர், திண்டுக்கல், மதுரை தாண்டி விருதுநகர் வந்து சேருகிறது. லாரி வாடகை, இறக்குகூலி, உடைசல், மொத்த வியாபாரி லாபம், சில்லறைக்காரர் லாபம் எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன. இவை நியாயமான செலவுகள்தான். எவ்வளவு ஏறியது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாமக்கல்லில் விலை 5 பைசா, 10 பைசா என்று நகர்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. 50 பைசாவையும் இன்று கடையில் யாரும் வாங்குவதில்லை. அதனால் ஒற்றை முட்டை வாங்குகிறவருக்கு விலை ஏறினால் முழு ரூபாயாகத்தான் ஏறும். இறங்கும்போது 10 பைசா குறைந்த சங்கதி அவரிடம் வந்து சேராது. சனிக்கிழமை கூலி வாங்கி வீடு திரும்பும் பட்டாசுத் தொழிலாளியின் வீட்டில் நாலைந்து முட்டையாக வாங்கினால் அந்த இறக்கம் கடையிலேயே தங்கிவிடும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஓர் அட்டை வாங்கினால், 10 பைசா இறக்கம் 3 ரூபாயாகக் கையில் நிற்கும்.

விலை ஏன் ஆடுகிறது?

கோழிக்குக் கடையடைப்பு கிடையாது. குஞ்சு வாங்கி விட்டால் முட்டையிட நாலைந்து மாதம் ஆகும். இடத் தொடங்கிவிட்டால் ஓராண்டுக்கு மேல் ஏறக்குறைய தினமும் இடும். விலை ஏறியதும் உற்பத்தியைக் கூட்டவும் முடியாது, விழுந்ததும் நிறுத்தவும் முடியாது. எனவே தேவையில் சிறு மாற்றம் வந்தாலும் விலை எகிறும், அல்லது சரியும். புரட்டாசியில் இறங்குவதும், குளிர்காலத்தில் ஏறுவதும் அப்படித்தான். கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி கிளம்பிய 2020 மார்ச்சில் பண்ணை விலை 2 ரூபாய் அளவுக்கு விழுந்தது. அதே நாமக்கல்லில் 2025 நவம்பரில் 6 ரூபாயைத் தாண்டியது.

செலவில் பெரும்பங்கு தீவனம், அதாவது மக்காச்சோளமும் சோயாவும். விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசலில் விளையும் மக்காச்சோளமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். 2018இல் படைப்புழு வந்து தமிழகமெங்கும் பயிரை அரித்தது. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை எகிற, மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதித்தது. இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டிக்கு வந்துவிட்டன.

நோய் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கில் கோழிகள் அழிக்கப்பட்ட பிறகு, 2025 மார்ச்சில் அங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர்.

தராசில் வைத்துப் பாருங்கள்

முட்டையை எண்ணி வாங்குகிறோம், எடை பார்ப்பதில்லை. அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரை நடுத்தரம், 53 முதல் 59 வரை பெரியது, 38 முதல் 44 வரை சிறியது. ஒரே விலைக்கு 45 கிராம் முட்டை ஓர் அட்டை வாங்கினால் 1.35 கிலோ, 55 கிராம் முட்டையானால் 1.65 கிலோ. வித்தியாசம் 300 கிராம், அதாவது ஆறு சிறு முட்டைகளுக்கு மேல். பொரித்த பரோட்டாக் கடைக்காரர் அட்டையைக் கையில் தூக்கியதுமே இதைச் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வாங்குகிறவர் கடைத் தராசில் அட்டையை வைக்கச் சொல்லலாம்.

ஆறு, பத்து, முப்பது என்று பாக்கெட்டில் அடைத்து விற்றால் எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை, அடைத்த தேதி, புகார் செய்வதற்கான விவரம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் 'கூலிங்' என்றோ 'பை காசு' என்றோ கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

கோழிக்கறியில் கணக்கு வேறு. இரண்டு கிலோ உயிர்க்கோழியை உரித்தால் கறி ஏறக்குறைய 1.3 கிலோதான் தேறும். அதனால் உயிர் எடை விலையையும் கறி விலையையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. கேட்க வேண்டியது, போர்டில் போட்டிருப்பது எந்த விலை, எடை போடுவது உரிக்கும் முன்னா பின்னா என்பதுதான். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டு, சான்றிதழைக் கடையில் மாட்டியிருக்க வேண்டும். இதைச் சோதிப்பது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

பள்ளிக்கூடத்து முட்டை

விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளி நாளுக்கு ஒன்று என வாரம் ஐந்து. வெளியே விற்றால் காட்டிக்கொடுக்கவே அதன்மேல் அரசு முத்திரை. 2024 செப்டம்பரில் திருச்சி மாவட்டம் துறையூரில் ஓர் உணவகத்தில் முத்திரை முட்டைகள் சிக்கி, கைது வரை போனது. கடையிலோ உணவகத்திலோ அத்தகைய முட்டையைக் கண்டால் படம் எடுத்து, முதல்வரின் முகவரி எண் 1100க்குச் சொல்லலாம்; திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். மாதக்கணக்கில் முட்டை வரவில்லை, அழுகியது வருகிறது என்றாலும் இதே வழிதான்.

கடை முட்டை விலையில் அரசு செய்யக்கூடியவையும் உண்டு. அன்றைய நாமக்கல் விலையையும் எடைத் தரத்தையும் உழவர் சந்தையிலும் கூட்டுறவுக் கடைகளிலும் பலகையில் எழுதிப் போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. மகளிர் குழுக்கள் பெட்டிக் கணக்கில் நேரடியாக இறக்கி அட்டைக் கணக்கில் விற்றால் நடுவில் ஒரு கை குறையும். 250 கோழி கொண்ட நாட்டுக்கோழிப் பண்ணைக்குக் கால்நடைத் துறை பாதி மானியம் தந்திருக்கிறது; அப்படிப்பட்ட பண்ணைகள் உள்ளூரில் பெருகினால், நாமக்கல் லாரி ஒருநாள் தாமதமானாலும் ஊர் தவிக்காது.

எடை மோசடி, அச்சிட்ட விலைக்கு மேல் வசூல் போன்றவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கெல்லாம் முதலில் தேவை, கடைக்காரர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டானாலும் சரி, ஒரு பில்.