கரைந்தது மறைவதில்லை

திருப்பூரில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர், வாடகையை விசாரிப்பதற்கு முன்பாகவே, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருமுங்க? உப்புத் தண்ணிக்குப் போர் இருக்குதுங்களா?" என்று கேட்பது அந்தப் பிரதேசத்து வழக்கம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒரு நீர், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மற்றொரு நீர் என்று பகுத்துப் பேசும் இந்தச் சாதாரணப் பேச்சுக்குள்ளே, ஓர் ஆற்றின் சரித்திரமும், அதை நம்பி வாழ்ந்த குடியானவர்களின் துயரமும், அதை நம்பியே வளர்ந்த ஒரு பெருந்தொழிலின் அனுபவமும் அடங்கிக் கிடக்கின்றன. உப்பின் பிடியிலிருந்து விடுபட்ட நீரையே நம் மக்கள் 'நல்ல' என்ற அடைமொழியால் சிறப்பித்தார்கள்.

உலகிலுள்ள நீரில் 100-க்கு 97 பங்கு கடலின் உப்பு நீர். எஞ்சியதிலும் பெரும்பகுதி பனிக்கட்டியாய் உறைந்தும் பூமியின் ஆழத்தில் ஒளிந்தும் கிடக்க, ஆறுகளிலும் ஏரிகளிலும் நம் கைக்கு எட்டுவது மிகச் சொற்பமே. சூரியன் கடல்நீரைக் காய்ச்சி, உப்பையெல்லாம் கடலிலேயே விட்டுவிட்டு, தூய ஆவியை மட்டும் வானத்துக்கு உயர்த்த, காற்று அதைச் சுமந்துவந்து மலைகளின் மீது பொழிகிறது. யாரிடமும் கூலி கேட்காமல் யுகயுகமாய் நடந்துவரும் இந்த மகத்தான வாலை வடிப்பின் பயனே ஒவ்வொரு நதியும் என்பதை நினைத்துப் பார்ப்பவர், ஆற்றுநீரை அலட்சியமாகக் கருத மாட்டார்.

அவ்வாறு வெள்ளியங்கிரி மலையில் பொழிந்த மழைநீர், பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்கு அருகே ஓடி, கோயம்புத்தூரையும் சூலூரையும் திருப்பூரையும் கடந்து, ரோமாபுரி வரையில் வியாபாரத் தொடர்பு கொண்டிருந்த தொன்மையான கொடுமணலின் கரையைத் தழுவி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்று தன் பெயரையே தாங்கி நிற்கும் கிராமத்தருகே காவிரியில் சங்கமமாகிறது. காஞ்சிமாநதி என்று பழையோர் அழைத்த இந்த நொய்யல், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறும் வறண்ட பூமியின் ஊடே ஓடுவது. ஆகையால் நம் முன்னோர், சித்திரைச்சாவடி முதலிய இடங்களில் அணைக்கட்டுகளை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிறைந்து வழிந்த நீர் அடுத்த குளத்தைச் சேரும்படி குளங்களைச் சங்கிலியாய்க் கோத்து வைத்தார்கள். வெள்ளக் காலத்து நீர் வெயில் காலத்துக் கிணற்றில் ஊறுவதற்கு அந்தக் குளங்களே காரணமாயின. மேலூர்க்காரன் உபயோகித்த பிறகும் கீழூர்க்காரனுக்கு நீர் உண்டு என்ற தர்மத்தின் மீதே அந்த ஏற்பாடு நிலைபெற்றிருந்தது.

பனியன் தொழில் ஓங்கி, வெளிநாட்டு ஏற்றுமதியும் சேர்ந்து, லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குத் திருப்பூர் அன்னமிட்டது மறுக்க முடியாத உண்மை. ஆனால் பின்னிய துணிக்கு நிறம் ஏற்றும் விதத்தை நாம் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பருத்தியிழையும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்ப்பதற்காகச் சமையலுப்பையோ சோடியம் சல்பேட் என்னும் உப்பையோ மிகுதியாகக் கரைக்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ, தரகுவேலை முடிந்ததும் அவ்வளவும் அலசும் நீரோடு வெளியேறிவிடும். சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகி, அவற்றின் கழிவு ஓடைகளின் வழியே நொய்யலில் விழலாயிற்று. ஆற்றின் நிறம் மாறியதைக் கண்ணாரக் கண்டவர்கள்கூட, நிறமே இல்லாத உப்பு நிலத்துக்குள் இறங்குவதைக் காணவில்லை.

1990-களின் தொடக்கத்தில், பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீருக்காகத் தவங்கிடந்த குடியானவர்கள் எதிர்பார்த்தது நெல்லும் மஞ்சளும் செழிக்கும் நீரை; அணையில் வந்து தேங்கியதோ மேலேயிருந்து இறங்கிய சாயக்கழிவு. பாசனத்துக்கு எழுந்த அணையின் நீரைப் பாசனத்துக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொல்ல நேர்ந்தது எத்தகைய கொடுமை! உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதை உறிஞ்ச இயலாது. தாகத்தால் வாடுவதைப் போலவே பயிர் வாடும். சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் கரித்தன. தலைமுறை தலைமுறையாக மாட்டுக்கும் மனிதனுக்கும் தாகம் தீர்த்த கிணறு, நீர் நிறைந்திருந்தும் உதவாமற் போயிற்று.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்ற நிலையைப் பட்டறைகள் எய்த வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பின்னும் நிலைமை சீராகாமையால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறை மூடவே பனியன் கம்பெனிகள் தடுமாறின; கூலியை நம்பி வந்த தொழிலாளர் அல்லலுற்றனர். நதியைப் பாழாக்கித் தொழில் வாழ்வதற்கில்லை என்பது அப்போது தொழிலாளியின் அடுப்பங்கரை வரையில் தெரிந்தது.

அந்த உத்தரவின்படி கழிவு வெளியேறாதிருக்க, இன்று பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பது என்ன? கழிவுநீரின் மாசை நுண்ணுயிர்களைக் கொண்டு உண்ணச் செய்கிறார்கள். பின்னர் உப்பு புக முடியாத மெல்லிய சவ்வுகளின் வழியே பேரழுத்தத்தோடு நீரைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். எஞ்சிய கடும் உப்புநீரை வெப்பமூட்டி ஆவியாக்குகிறார்கள். நீரும் உப்பில் ஒரு பகுதியும் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. மெச்சத்தக்க சாதனைதான் இது; சூரியன் கடலின் மீது இலவசமாகச் செய்யும் காரியத்தை, மின்சாரத்தையும் விறகையும் கோடிக்கணக்கான ரூபாயையும் செலவிட்டு மனிதன் செய்து பார்க்கிறான். மலை நமக்குத் தந்த நல்ல நீரின் மதிப்பு இன்னதென்று அந்தச் செலவுக் கணக்கே சாட்சி சொல்கிறது.

நொய்யலின் கரையிலேயே வாழும் திருப்பூர், வெகு தொலைவிலுள்ள பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் பெருந்திட்டத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பல்லாண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு-அவினாசித் திட்டமும் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, பவானியின் உபரிநீரை 1,045 குளங்குட்டைகளுக்கு அனுப்ப வழிசெய்திருக்கிறது. அதே மாதத்தில், திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வெகு தூரத்திலிருந்து வரும் பறவைகள் தொழில் நகரத்தின் ஓரத்தில் இறங்கி இளைப்பாறுகின்றன என்றால், இந்த மண்ணின் நீர்நிலைகள் இன்னும் நம்மைக் கைவிடவில்லை என்றே பொருள். ஆயினும் பிற ஆற்றின் தயவை நாடும் ஊர், தன் சொந்த ஆற்றுக்குச் செய்ய வேண்டிய கடமையை மறப்பது தகாது. குளத்துக்கு நீர் வரும் ஓடைகளை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும், வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழாமல் தடுப்பதும், இருளில் கழிவைத் திறந்துவிடும் பட்டறை எதுவாயினும் அதற்கு இடங்கொடாமல் விழித்திருப்பதும் அக்கடமையின் அங்கங்கள்.

சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில், எதற்கும் உபயோகப்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஆற்றில் விட்ட காலத்தில் அது கரைந்து கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததனாலேயே இல்லையென்று எண்ணினோம். இன்று அதை மழைபடாமல் காக்க வேண்டியிருக்கிறது, வைக்க இடமும் தேட வேண்டியிருக்கிறது. அந்த மூட்டைகளின் முன்னே ஒரு கணம் நின்று, இவ்வளவும் ஒரு காலத்தில் எந்தக் கிணற்றுக்குள் போயிற்று, எந்தத் தோட்டத்து மண்ணில் இறங்கிற்று என்று எண்ணிப் பார்க்கிறவருக்கு, நதியைக் காக்கும்படி வேறொருவர் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை.