கடல் திருப்பித் தரும் ஏடுகள்

கடற்கரைக்குச் செல்வோர் குனிந்து கிளிஞ்சல் பொறுக்குவது எந்த நாட்டிலும் காணும் காட்சியே. அதைச் சிறுவர் விளையாட்டென்று நாம் கருதி விடுகிறோம். ஆயின், அவ்விளையாட்டே ஒரு பெரிய சாஸ்திரத்துக்கு ஊன்றுகோலாக அமைந்த இடம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் ஜில்லாவிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிறு பட்டினமாகும்.

அப்பட்டினத்தையொட்டிச் செங்குத்தாக நிற்கும் கரைப்பாறைகள், சுண்ணாம்புக் கல்லும் களிமண் பாறையும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானவை. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஒரு கடலின் அடித்தளமாக இருந்தன. அக்கடலில் மடிந்த பிராணிகள் சேற்றில் புதைந்தன, தசை அழிந்தது, எலும்பிலும் ஓட்டிலும் தாதுப் பொருள்கள் ஊறி, அவை கல்லாய்ச் சமைந்தன. பின்னர் அத்தளம் மேலெழுந்து நிலமாயிற்று. இன்று மாரிக்கால மழையும் புயலலையும் பாறையைச் சரிக்கும்போது, பழைய கடல் புதைத்ததைப் புதிய கடல் தோண்டித் தருகிறது. ஆனால் அது காத்திருப்பதில்லை. எடுப்பார் இல்லையெனில், தந்ததை அலையே தேய்த்து மணலாக்கி விடுகிறது.

அங்கு மிகுதியாகக் கிடைப்பது அம்மொனைட் எனப்படும் சுருள் ஓடு. பாம்பு சுருண்டு கல்லாயிற்று என்று அவ்வூரார் பண்டு எண்ணி, அதற்குப் பாம்புக்கல் என்று பெயரிட்டனர். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து நம்மவர் இல்லங்களில் பூஜை பெறும் சாளக்கிராமங்களிற் காணும் சக்கரமும் இவ்வின ஓட்டின் சுவடேயாம்.

லைம் ரீஜிஸில் 1799-ஆம் ஆண்டு ஓர் ஏழைத் தச்சரின் மகளாகப் பிறந்தவள் மேரி அன்னிங். தந்தை 1810-இல் கடனை வைத்து விட்டு இறந்தார். கரையிற் பொறுக்கிய கற்களை உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்றுக் குடும்பம் வயிறு கழுவிற்று. 1811-இல் அவள் தமையன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். மறு ஆண்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதே நிரம்பிய மேரி அதன் எஞ்சிய உடலைக் கண்டெடுத்தாள். அது இக்தியோஸார் என்னும் கடல்வாழ் ஊர்வன. அது ஏறத்தாழ 23 பவுனுக்கு விலைபோயிற்று. 1823-இல் நீண்ட கழுத்துடைய பிளீஸியோஸாரின் முழு எலும்புக் கூட்டை அவர் வெளிக்கொணர்ந்தார். பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் கூவியே இது போலியோ என்று முதலில் ஐயுற்று, பின்னர்த் தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1828-இல் பறக்கும் ஊர்வன ஒன்றும் அவர் கைக்குக் கிட்டியது.

இவை எளிதிற் கிடைத்தவை அல்ல. 1833-இல் பாறை சரிந்து விழுந்து, உடன் வந்த அவருடைய நாய் அவர் காலடியிலேயே மாண்டது. அன்று சரிவு சற்று விலகி விழுந்திருப்பின், அவரும் மீண்டிரார்.

இத்துணை உழைப்புக்கு உலகம் அளித்த கைம்மாறு யாது? 1824-இல் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் பிளீஸியோஸாரைப் பற்றி ஓர் அறிஞர் விரிவுரை நிகழ்த்தினார்; கண்டெடுத்தவரின் பெயர் அதில் இல்லை. பெண்ணாதலால் அச்சங்கத்தில் அவருக்கு இடமும் இல்லை. 1847-இல் அவர் மறைந்த பின்னரே, சங்கத்தின் தலைவர் தமது ஆண்டுப் பேருரையில் அவருக்கு அஞ்சலி செலுத்தினார். பெண்களை அச்சங்கம் உறுப்பினராக ஏற்றது 1919-இல்தான். அப்பட்டினத்தில் அவருக்குச் சிலை எழுந்ததோ 2022-இல்! எலும்புக்கு விலை கொடுத்த உலகம், அதை இனங்கண்ட அறிவுக்கு உரிய பெயரைக் கொடுக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

இப்பிழையிலிருந்து அக்கரையினர் பாடம் கற்றிருக்கின்றனர் என்னலாம். 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அக்கடற்கரையில் இன்றும் எவரும் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். பாறை முகத்தைத் தோண்டலாகாது. சாஸ்திர முக்கியத்துவம் உடைய பொருள் கிட்டினால் அதைத் தெரிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். முற்றிலும் தடுத்தால் அலை அழித்துவிடும்; முற்றிலும் விட்டால் ஆசை அழித்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கடல் இன்று வெகு தொலைவிலிருக்கும் நமது அரியலூர்ப் பகுதியும் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அங்கும் அம்மொனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாய்க் கிடக்கின்றன. அவற்றைத் தாங்கிய சுண்ணாம்புக் கல்லே சிமிட்டி ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் இருக்கிறது. லைம் ரீஜிஸில் அலை செய்யும் வேலையை இங்கு இயந்திரம் செய்கிறது, அதுவும் காத்திருப்பதில்லை. அங்குக் கல்லுடைக்கும் தொழிலாளியின் கண்ணிலும், ஆடு மேய்க்கும் சிறுமியின் கையிலும் ஓர் அரிய பொருள் நாளையே அகப்படலாம். அன்று அதைக் கேட்டுப் போற்றி, கண்டவர் பெயரோடு பதிவு செய்ய நாம் ஆயத்தமாயிருக்கிறோமா? அரியலூர் ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும் தம் மாணாக்கருக்கு ஒரு சுருட்கல்லைக் காட்டி, இது யாதென்று சொல்லிக் கொடுப்பாராயின், அந்த ஆயத்தம் இன்றே தொடங்கிவிடும்.