மனசாட்சிக்கு எல்லை எது?

கருக்கலைப்பில் பங்கேற்க மறுக்கும் உரிமை நர்சுக்கு உண்டு. அந்த மறுப்பு சக நர்சின் தலையில் சுமையாக இறங்கும்போது?

பிரசவ வார்டில் போன் அடிக்கிறது. கருக்கலைப்புக்காக ஒரு பெண் வருகிறார் என்று தகவல். படுக்கை ஒதுக்க வேண்டும். அவரைக் கவனிக்க ஒரு நர்சை அனுப்ப வேண்டும். அந்த நர்ஸ் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் என்றால் டாக்டரை அழைக்க வேண்டும். இதில் எது கருக்கலைப்பு, எது வெறும் வார்டு நிர்வாகம்?

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி இது. கேட்டவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள சதர்ன் ஜெனரல் மருத்துவமனையின் மேரி டூகன், கன்செப்டா வுட். இருவரும் கத்தோலிக்கர்கள். பிரசவ நர்சுகளாகப் பணியாற்றி, வார்டு ஒருங்கிணைப்பாளர்களாக உயர்ந்தவர்கள். கருக்கலைப்பில் தங்களுக்கு உடன்பாடில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிர்வாகமும் அவர்களை நேரடியாக அதில் ஈடுபடச் சொல்லவில்லை. ஆனால் 2010ல் நகரின் இன்னொரு பிரசவ மருத்துவமனை மூடப்பட, இவர்களது வார்டுக்கு வரும் கருக்கலைப்புகள் அதிகரித்தன. அந்தப் பணியில் இருக்கும் நர்சுகளை மேற்பார்வையிடுவதும் உதவுவதும் உங்கள் வேலைதான் என்றது நிர்வாகம். அதுவும் முடியாது என்றார்கள் இருவரும்.

1967ம் ஆண்டின் பிரிட்டிஷ் கருக்கலைப்புச் சட்டம் அவர்களுக்கு ஆயுதமாக இருந்தது. மனசாட்சி இடம் தராத சிகிச்சையில் 'பங்கேற்கும்' கடமை யாருக்கும் கிடையாது என்கிறது அதன் 4வது பிரிவு. பெண்ணின் உயிரைக் காப்பாற்றவோ, நிரந்தரமான பெரும் பாதிப்பைத் தடுக்கவோ அவசியமானால் மட்டும் இந்த விலக்கு செல்லாது. பங்கேற்பது என்றால் என்ன? வழக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றியே சுழன்றது.

2012ல் தோல்வி. 2013ல் மேல்முறையீட்டில் வெற்றி. 2014 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹேல், ஒருங்கிணைப்பாளரின் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். தன் கையால் சிகிச்சையில் ஈடுபடுவதே பங்கேற்பு. படுக்கை ஒதுக்குவதும் யாருக்கு எந்த நோயாளி என்று பிரித்துக் கொடுப்பதும் அதில் சேராது. இன்னொன்றையும் அவர் சொன்னார்: மறுக்கும் ஊழியர், மறுப்பு இல்லாத இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.

இந்த வழக்கில் பிரசவ நர்சுகளின் சொந்த அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் மிட்வைவ்ஸ் இருவரின் பக்கம் நிற்கவில்லை. விலக்கை இவ்வளவு விரித்தால் வார்டு நடக்காது என்பது அதன் கவலை. மறுக்காத நர்சுக்கும் மனசாட்சி உண்டு. நெருக்கடியில் மணியை அழுத்தினால், ஓடி வர மேலதிகாரி வேண்டும் அவருக்கு.

பாரம் நர்சின் பக்கம் சாய்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1967ல் கருக்கலைப்பு என்றால் பெரும்பாலும் டாக்டர் செய்யும் அறுவை சிகிச்சை. பிறகு மருந்து செலுத்திப் பிரசவ வலியை வரவழைக்கும் முறை வந்தது. டாக்டர் குழாயைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார். மருந்தைச் செலுத்தி, சில சமயம் ஒரு நாளைத் தாண்டியும் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். 'டாக்டர் செய்தால்தான் சட்டப்படி குற்றமில்லை; அப்படியானால் எங்கள் கதி?' என்று நர்சுகளின் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 1981ல் பிரபுக்கள் சபை 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: டாக்டர் பொறுப்பேற்று நடத்தினால் நர்சின் செயலும் சட்டபூர்வமானதே. மூன்று கட்டங்களிலும் வழக்கைக் கேட்ட நீதிபதிகள் மொத்தம் 9 பேர். அதில் 5 பேர் நர்சுகள் பக்கம் இருந்தும், கடைசிக் கட்டத்தில் ஒரு வாக்கில் வழக்கு கைநழுவியது.

மறுப்பவர்கள் பெரும்பான்மையானால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி உதாரணம். அங்கே 1978ம் ஆண்டின் சட்டம் மறுப்புக்கு இடம் தருகிறது. ஆனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான கவனிப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. மகப்பேறு டாக்டர்களில் பாதிக்கும் வெகு மேலானோர் மறுப்பாளர்கள். மீதியிருப்பவர்கள் வாரம் முழுக்க அதே வேலையைச் செய்கிறார்கள். இத்தாலியத் தொழிற்சங்கம் ஒன்றின் புகாரை விசாரித்த ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு, மறுக்காத டாக்டர்கள் பணியிடத்தில் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று முடிவு செய்தது. அந்த முடிவு 2016ல் வெளியானது. சுவீடனோ நேர் எதிர். அங்கே இப்படிப்பட்ட சட்ட விலக்கே இல்லை. கருக்கலைப்பில் ஈடுபட மறுத்ததால் வேலை கிடைக்காத ஒரு பிரசவ நர்சின் மனுவை, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2020ல் ஏற்க மறுத்துவிட்டது.

இந்தியாவில்? 1971ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சி விலக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. இந்திய மருத்துவ கவுன்சில் 2002ல் வெளியிட்ட நடத்தை விதிகள் ஒரு படி மேலே போகின்றன. மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காட்டி கருக்கலைப்பு, கருத்தடை போன்றவற்றுக்கு டாக்டர் மறுக்கக் கூடாது. தனக்குத் திறமை போதாது என்று கருதினால் ஒதுங்கலாம். விதி டாக்டர்களுக்கானது. நர்சைப் பற்றி அதில் பேச்சில்லை.

மதம் சம்பந்தப்படாத தயக்கமும் உண்டு. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணின் 26 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மறுநாளே தில்லி எய்ம்ஸ் டாக்டர் ஒருவர் அரசு வழக்கறிஞருக்கு எழுதினார்: கரு உயிருடன் பிறக்க வாய்ப்பு அதிகம், முதலில் அதன் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா? இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு கருத்து சொல்ல, வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. அக்டோபர் 16 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. அந்த டாக்டரின் கேள்வியை நாடே கேட்டது. அவர் பெரிய மருத்துவமனையின் டாக்டர். எழுத அவருக்கு ஒரு முகவரி இருந்தது.

இரவு டியூட்டியில் தனியாக இருக்கும் இளம் நர்சுக்கு அப்படி முகவரி இல்லை. மறுத்தால் டாக்டரின் கோபம், சக நர்சின் முணுமுணுப்பு. மறுக்காவிட்டால் வீட்டுக்குப் போன பிறகும் தூக்கம் வராது. கிளாஸ்கோ தீர்ப்பு, கை எதைத் தொடுகிறது என்று பார்த்து ஒரு கோடு போட்டது. சட்டத்தால் அவ்வளவுதான் முடியும். மிச்சத்தை வார்டுதான் பேசித் தீர்க்க வேண்டும்: மறுப்பவர் வேலையில் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்; டாக்டரும் மேட்ரனும் அதைக் குற்றமாகப் பார்க்காமல் டியூட்டி பட்டியல் போட வேண்டும்; விட்ட வேலை எப்போதும் ஒரே ஆளின் தோளில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வாக்குவாதமும் நடக்கும்போது, கட்டிலில் வலியோடு ஒரு பெண் காத்திருக்கிறார். தன்னைக் கவனிக்க யார் வருவார்கள் என்பதுதான் அவருக்குக் கேள்வி.