சொல்லும் நோக்கும்: பிணைமுறியும் காப்புறுதிக் கட்டுப்பணமும்

செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளை எட்டு என வகுத்தார் நன்னூலார். சொற்கள் நின்றவாறே பொருள் தருவனவும் உள; இடம் மாற்றிக் கூட்டினாலன்றிப் பொருள் விளங்காதனவும் உள. சட்டத்துக்கும் அத்தகைய பொருள்கோடல் வேண்டப்படுகின்றது. செய்யுளுக்குப் பொருள் பிழைப்பின் சுவை குன்றும். சட்டத்துக்குப் பொருள் பிழைப்பின், சிறையினின்று வெளிவர வேண்டியவன் உள்ளே கிடப்பான். இழப்பீடு பெற வேண்டிய குடும்பம் வெறுங்கையுடன் நிற்கும். ஆதலின் நீதிமன்றங்கள் சட்டத்தின் சொல்லை எவ்வாறு நோக்குகின்றன என்பது கற்றோர் யாவரும் அறிந்திருத்தற்குரியது.

இதனை விளக்குதற்குப் பிணைமுறி, காப்புறுதிக் கட்டுப்பணம் ஆகிய இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகளாகும். இவை வேறு வேறு துறையினவாயினும் இவற்றிடையே ஓர் ஒப்புமை உண்டு. இரண்டிலும் பணம் ஒரு வாக்குறுதிக்குத் துணையாக நிற்கின்றது. குறித்த நாளில் மன்றில் தோன்றுவேன் என்னும் வாக்குக்குப் பிணைமுறியின் தொகை உறுதி தருகின்றது. இடர் நேரின் ஈடு செய்வேன் என்று காப்புறுதி நிறுவனம் கூறும் வாக்குக்குக் கட்டுப்பணம் விலையாகின்றது. அப்பணம் கைக்கு வராதவிடத்து அவ்வாக்கு யாதாகும்? இவ்வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த விடைகளை ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் பிணையை நோக்குவோம். இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை, பிணையைப் பற்றிப் பல பிரிவுகளிற் கூறியபோதும், பிணை என்பது யாது என வரைவிலக்கணம் கூறவில்லை. பிணையாளர் ஒருவர் பொறுப்பேற்றாலன்றிப் பிணை இல்லை என்பதே பல நீதவான்களின் கருத்தாயிருந்தது. இக்கருத்து எத்தகைய துன்பத்தை விளைத்தது என்பதை 1978ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் என்னும் வழக்குக் காட்டும்.

மோதி ராம் ஓர் ஏழைக் கொத்தன். அவனைப் பிணையில் விடுமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. தொகையையும் பிணையாளரையும் முடிவு செய்யும் பொறுப்பு நீதவானிடம் விடப்பட்டது. நீதவானோ 10,000 ரூபாவுக்குப் பிணையாளர் வேண்டும் என்றார். அவன் தமையனோ தம்பியோ ஒருவன் பிணைநிற்க முன்வந்தபோது, அச்சகோதரனும் அவனுடைய சொத்தும் வேறொரு மாவட்டத்தில் உள எனக் கூறி அவனை ஏற்க மறுத்தார். இவ்வாறு, விடுதலைக் கட்டளை பெற்றவன் விடுதலை பெறாது, மீண்டும் உச்ச நீதிமன்றின் வாயிலை அடைய நேர்ந்தது.

வழக்கை நீதியரசர்கள் வீ. ஆர். கிருஷ்ணய்யரும் டீ. ஏ. தேசாயும் விசாரித்தனர். தீர்ப்பை எழுதிய கிருஷ்ணய்யர், சட்டக்கோவையின் பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பிணை என்னுஞ் சொல் எல்லா இடத்தும் ஒரே பொருளில் ஆளப்படவில்லை எனக் கண்டார். சொல் ஐயத்துக்கு இடந்தருமாயின், அச்சட்டம் எதன்பொருட்டு இயற்றப்பட்டது என வினவுதல் வேண்டும். பிணையின் நோக்கம் எதிரி விசாரணைக்கு வருவதை உறுதிசெய்தலேயன்றி, உரிமைக்கு விலை குறித்தல் அன்று. முறியின் தொகை மிகையாதலாகாது எனச் சட்டக்கோவையின் 440ஆம் பிரிவும் கூறுகின்றது. எனவே, பிணையாளர் உடனோ, பிணையாளர் இன்றித் தன் சொந்த முறியின் மேலோ விடுவித்தல் ஆகிய இரண்டும் பிணை என்னுஞ் சொல்லுள் அடங்கும் என அவர் முடிவு செய்தார்.

பிணையாளர் அம்மாவட்டத்தவராகவே இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் கண்டித்தார். தொலைவிலுள்ள வடபுலத்து ஊரொன்றிற் கைதாகும் தமிழனோ மலையாளியோ அவ்வூரிற் சொத்துடைய பிணையாளருக்கு எங்கே போவான் என்று வினவினார். ஒரே நாட்டினுள் ஒருவனை அயலானாக்கும் அந்நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே அவர் துணிபு. ஈற்றில் 1,000 ரூபாவுக்கான சொந்த முறியின் மேல் அக்கொத்தனை விடுவிக்குமாறு கட்டளை பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1979இல், ஹுசைனாரா காத்தூன் வழக்கில் இக்கருத்து மேலும் விரிந்தது. விளங்கிக் குற்றவாளியெனக் கண்டிருந்தால் விதிக்கப்படக்கூடிய உச்சத் தண்டனைக் காலத்திலும் நீண்ட காலம், விசாரணையே முடியாமற் பலர் பீகார்ச் சிறைகளிற் கிடந்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. ஒருவன் ஓடிப்போவானா என்பதைப் பணத்தைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. அவனுடைய குடும்பத் தொடர்பு, தொழில், அவ்வூரில் வாழ்ந்த காலம் முதலியவற்றைக் கொண்டும் அளத்தல் வேண்டும் என நீதியரசர் பீ. என். பகவதி எடுத்துரைத்தார். பணத்தினும் வேரூன்றிய வாழ்க்கையே உறுதியான பிணை என்பது இதன் கருத்து.

இனி, காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு வருவோம். இந்தியாவின் 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தில், 1968ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 64விபி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டுப்பணத்தைப் பெறுமுன் எந்த நிறுவனமும் இடரைப் பொறுப்பேற்றலாகாது என்பது அதன் சாரம். இவ்விதி காரணமின்றி எழுந்ததன்று. பலரிடம் பெற்ற சிறு தொகைகள் சேர்ந்த நிதியே இடருற்றோருக்கு ஈடாகின்றது. கட்டுப்பணம் வாராதாயின் அந்நிதி வறளும். ஆயினும், நிறுவனம் காசோலையைப் பெற்றுக்கொண்டு காப்புறுதிப் பத்திரத்தை வழங்கியபின், வங்கி அக்காசோலையைத் திருப்பிவிட்டால் விளைவு யாது?

இந்தர்ஜித் கௌர் வழக்கில் இவ்வினா எழுந்தது. 1989 நவம்பர் 30ஆம் நாள் ஒரு பேருந்துக்குக் காப்புறுதிப் பத்திரம் வழங்கப்பட்டது. காசோலை திரும்பியது. 1990 ஜனவரியில் நிறுவனம் அதனை அறிவித்துக் கடிதம் எழுதிற்று. ஏப்பிரல் 19ஆம் நாள் அப்பேருந்து ஒரு லொறியுடன் மோத, லொறிச் சாரதி இறந்தார். கட்டுப்பணம் பணமாகச் செலுத்தப்பட்டதோ அதன்பின்னர், மே 2ஆம் நாளிலாகும். 64விபி பிரிவின் சொல்லை மட்டும் நோக்குவோர், விபத்து நேர்ந்த நாளிற் காப்புறுதியே இல்லை எனக் கூறுவர்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது வாகனச் சொந்தக்காரரின் நலங்கருதி மட்டும் அன்று. தெருவிற் செல்லும் மூன்றாந் தரப்பினரின் நலங்கருதியேயாம். பணம் கைக்கு வருமுன் பத்திரத்தை வழங்கி, வாகனம் தெருவில் ஓட வழிசெய்தது நிறுவனமே. அத்தவற்றின் பயனை இறந்த சாரதியின் குடும்பத்தின்மேற் சுமத்துதல் முறையன்று. ஆதலின் நிறுவனம் இழப்பீடு செலுத்துதல் வேண்டும். சொந்தக்காரருக்கு எதிராகத் தனக்குள்ள உரிமையை அது வேறாக நாடலாம் என்பது தீர்ப்பு.

ஆனால் இதனாற் கட்டுப்பணம் செலுத்தாதார்க்கும் காப்புறுதி உண்டு என எண்ணுதல் பிழையாகும். 2001ஆம் ஆண்டிற் தீர்க்கப்பட்ட சீமா மல்கோத்திரா வழக்கில், காசோலை கொடுத்துப் பத்து நாளில், 1993 டிசம்பர் 31ஆம் நாள், கார்ச் சொந்தக்காரர் விபத்தில் இறந்தார். பின்னர் அக்காசோலை திரும்பியது. அழிந்த காரின் பெறுமதியை அவர் குடும்பத்தினர் கோரினர். இங்கு மூன்றாந் தரப்பினர் எவருமிலர். வழக்கு ஒப்பந்தக்காரர் இருவருக்கிடையே எழுந்தது. ஒருவர் தம் வாக்கை நிறைவேற்றாதவிடத்து மற்றவரும் நிறைவேற்றக் கடமைப்பட்டவரல்லர் என்னும் ஒப்பந்த நெறியின்படி, நிறுவனம் ஈடு செய்ய வேண்டியதில்லை என மன்று கூறிற்று. இரு வழக்கிலும் காசோலை திரும்பியது ஒன்றே. இழப்பீடு கேட்டு நின்றவர் வேறு. அவ்வேறுபாடே தீர்ப்பையும் வேறாக்கிற்று.

மூன்றாந் தரப்பினரின் உரிமைக்கும் எல்லை உண்டு. தெத்தப்பா வழக்கில், காசோலை திரும்பியபின் நிறுவனம் பத்திரத்தையே நீக்கி, அதனைச் சொந்தக்காரருக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கும் விபத்தின் முன்னரே அறிவித்திருந்தது. ஒப்பந்தமே இல்லாதவிடத்துப் பொறுப்பும் இல்லை என மன்று கண்டது. எனினும் அரசியலமைப்பின் 142ஆம் உறுப்புரை தரும் தனியதிகாரத்தைக் கொண்டு, நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திப் பின்னர்ச் சொந்தக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளுமாறு பணித்தது. 2012ஆம் ஆண்டு இலக்சுமம்மா வழக்கில் நெறி தெளிவாக வகுக்கப்பட்டது: பத்திரம் நீக்கப்பட்டு, அச்செய்தி விபத்துக்கு முன் சொந்தக்காரரை அடைந்திருந்தாலன்றி, மூன்றாந் தரப்பினருக்கு நிறுவனம் பொறுப்பாகும்.

இவ்வழக்குகள் அனைத்தையும் ஒருசேர நோக்கின் ஒன்று புலனாகும். நீதிமன்று சட்டத்தின் சொல்லைத் தன் விருப்பம்போல வளைப்பதில்லை. சொல் இடந்தரும் எல்லையினுள், இவ்விதி எவரைக் காக்க எழுந்தது என அது வினவுகின்றது. பணமில்லாக் கொத்தனுக்கும், காசோலை திரும்பியதை அறியாத சாரதியின் குடும்பத்துக்கும் நீதி கிடைத்தது அவ்வினாவினாலேயாகும். அவ்வினாவே சீமா மல்கோத்திரா வழக்கில் நிறுவனத்தையும் காத்தது.

நல்ல பொருள்கோடல் காலப்போக்கிற் சட்டத்தின் சொல்லாகவே மாறுவதும் உண்டு. கைதாகி ஒரு வாரத்துள், பிணையில் விடத்தக்க குற்றமொன்றிற்குப் பிணை கொடுக்க இயலாதவனை வறியவனெனக் கொள்ளலாம் என 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. பழைய சட்டக்கோவைக்கு ஈடாக இயற்றப்பட்டு 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதை, பிணைக்கு வரைவிலக்கணம் கூறுகின்றது. பிணையாளர் உள்ள முறி, பிணையாளர் இல்லாத முறி ஆகிய இரண்டும் அவ்விலக்கணத்துள் அடங்குகின்றன. 1978இல் ஒரு கொத்தனின் வழக்கில் உரையாக நின்றது, நாற்பத்தைந்து ஆண்டின்பின் மூலமாக ஏறிற்று என்க.