உஷார்! விவசாய பீடத்து இடம் படிவத்தில் நழுவுகிறது

கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த மன்னார் மாவட்டத்து நானாட்டான் பிள்ளை, உயர்தரத்தில் உயிரியல் பிரிவெடுத்து மூன்று பாடமும் சித்தியடைகிறது. விவசாய பீடத்துக்குப் போய்விடும் என்று வீடே நம்பியிருக்கிறது. கடைசியில் இடம் கிடைக்கவில்லை. பிழை பரீட்சையில் இல்லை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போட்ட விண்ணப்பத்தில் இருந்தது. இதை எங்கள் குடும்பத்துக்குள்ளேயே பார்த்தேன். அதனால்தான் பதறிக்கொண்டு எழுதுகிறேன்.

என் தங்கையின் மகள் விண்ணப்பம் நிரப்ப ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனாள். "எல்லாம் நாங்களே போட்டுத் தருவோம்" என்றார்கள். யாழ்ப்பாணம், கிழக்கு என்ற இரண்டு பல்கலைக்கழகங்களிலும் 'விவசாயம்' என்று போட்டார்கள். அதற்குக் கீழே ஒன்றுமே போடவில்லை. அவளது இசட் புள்ளி அந்த இரண்டுக்கும் கொஞ்சம் குறைந்துபோனது. அடுத்ததாகப் பார்க்க அவளது பட்டியலில் வேறு பெயர் இல்லை. ஆணைக்குழு நீங்கள் எழுதிய வரிசையை மட்டுந்தான் பார்க்கும். எழுதாத கற்கைநெறியை யாரும் இரங்கித் தரமாட்டார்கள்.

பிள்ளைகளே, விவசாயம் ஒரே ஒரு கதவு அல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனையில் விவசாயத் தொழினுட்பமும் முகாமைத்துவமும் ஒரு தனிக் கற்கைநெறி. விலங்கு விஞ்ஞானமும் மீன்பிடியும் இன்னொன்று. கடலும் கால்நடையும் உள்ள மன்னாருக்கு இதைவிடப் பொருத்தமானது எது? ஊவா வெல்லஸ்ஸவில் ஏற்றுமதி விவசாயம், வயம்பவில் உணவு விஞ்ஞானம். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்தில் போடவேண்டிய தனி யுனி-கோட் உண்டு. ஒரு யுனி-கோட்டை விட்டுவிட்டால் அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். பெயரை மட்டும் பார்க்காமல் என்ன பாடச் சேர்க்கை கேட்கிறார்கள் என்பதையும் வாசியுங்கள். தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்தவர்களுக்கான பட்டப்படிப்பு வேறு, அதுவும் அறிவியல் நகரில் இருக்கிறது. உயிரியல் பிரிவினருக்கான விவசாயப் பட்டத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கலைப்பிரிவில் விவசாய விஞ்ஞானத்தை ஒரு பாடமாக எடுத்துவிட்டு விவசாய பீடத்தை எதிர்பார்ப்பதும் நடக்கிறது. பாவம் அந்தப் பிள்ளைகள், பாடம் தெரிவு செய்த அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று பெற்றோருக்கு. இங்கேதான் நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொள்கிறது. விவசாயம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அளவுக்கும், 5 சதவீதம் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. ஆனால் சனம் குறைந்த மாவட்டம் என்பதால் நமக்கு வரும் இடங்கள் சொற்பம். அதிலும் பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசமில்லை, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அது படித்த பாடசாலை. ரியூஷன் நல்லதென்று சாதாரணதரம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் சேர்த்துவிட்டால், பிள்ளை மன்னார்ப் பங்கை இழந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு போட்டிக்கு நிற்க வேண்டி வரலாம். மாற்றுவதற்கு முன்பு ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலில் இந்தப் பகுதியை எடுத்து, அதிபரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அண்ணன் படித்த காலத்துக் கைநூல் சரிவராது.

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இலவசம். "காசு தந்தால் விவசாய பீடத்தில் இடம் எடுத்துத் தருவேன்" என்று வருபவனை வாசற்படியிலேயே நிறுத்துங்கள். இடத்தை விற்கிற அதிகாரம் எவருக்கும் இல்லை. வெளிநாட்டு விவசாயப் பட்டம் என்று ஆசை காட்டுகிறவர்களிடம், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதை ஒரு சதமும் கொடுக்க முன்பு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது நமது வயல்காரர் பட்டது மறந்துபோகவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், அதற்குள் கால போகம் தொடங்கிவிட்டது. மண்ணும் உரமும் படித்த நம்முடைய பிள்ளைகள் நமக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அன்று நினைத்தேன். அதனால்தான் ஒரு இடம் வீணாய்ப்போனாலும் மனம் பொறுப்பதில்லை.

இனி விண்ணப்பம் போடப்போகும் பிள்ளைக்கு: கடையில் தட்டச்சுச் செய்வித்தாலும் மின்னஞ்சல் உன்னுடையதாகவும் தொலைபேசி எண் வீட்டாருடையதாகவும் இருக்கட்டும். தங்கையின் மகளுக்குக் கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டிருந்தார்கள், அறிவித்தல்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி அம்மாவிடம் கொடு. தெரிவுவரிசையை அனுப்ப முன்பு ஒவ்வொரு யுனி-கோட்டையும் கைநூலோடு ஒப்பிட்டு உரக்க வாசி. தெரிவானால் பதிவுக்குத் தரும் கடைசி நாளைச் சுவர்க் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடு. அந்த நாள் தவறினால் உன் இடத்தில் வேறொரு பிள்ளை இருக்கும்.