7 முறை மக்களவை எம்.பி... டி.ஆர்.பாலுவை 'லிபரல்' என்று சொல்லலாமா? அனகாபுத்தூர் வாக்காளருக்கு ஒரு விளக்கம்

அனகாபுத்தூரில் இருந்து கிளம்பி, பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, கத்திப்பாரா மேம்பாலம் ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போகிற ஒருவரிடம் "உங்க எம்.பி. யாரு?" என்று கேட்டால், பதில் வந்துவிடும்: டி.ஆர்.பாலு. "சரி, அவர் டெல்லியில எதுக்கு ஓட்டுப் போட்டார், எதை எதிர்த்தார்?" என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

மாநில உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு, இடஒதுக்கீடு... இந்த விஷயங்களில் திமுக எம்.பி.க்களை 'முற்போக்கு', 'லிபரல்' என்ற பட்டியலில் வைப்பது வழக்கம். 40 ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த ஒருவருக்கு அந்தப் பெயர் எந்த அளவுக்குப் பொருந்தும்? அவருடைய பதிவு என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

யார் இந்த டி.ஆர்.பாலு?

மன்னார்குடி பக்கம் உள்ள தளிக்கோட்டையில் 1941-ல் பிறந்தவர். 1986 முதல் 1992 வரை மாநிலங்களவை உறுப்பினர். 1996, 1998, 1999, 2004 என நான்கு தேர்தல்களில் தென்சென்னையில் இருந்து மக்களவைக்குப் போனார். அப்போது ஆலந்தூர், தாம்பரம் சட்டப்பேரவைத் தொகுதிகள் தென்சென்னையில்தான் இருந்தன. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு அவை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தன. கூடவே பாலுவும் வந்தார். 2009, 2019, 2024 தேர்தல்களில் அங்கே வெற்றி. கடைசித் தேர்தலில் வித்தியாசம் 4.8 லட்சம் வாக்குகளுக்கும் மேல்.

நடுவில் ஒரு இடைவெளி உண்டு. 2014-ல் தஞ்சாவூரில் நின்று தோற்றார். அந்த முறை திமுகவுக்கு மக்களவையில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி., ஆதார், பொதுப்பிரிவில் பொருளாதார ரீதியாகப் பின்தங்கியோருக்கு 10% இடஒதுக்கீடு ஆகியவை விவாதிக்கப்பட்ட 5 ஆண்டுகளும் மக்களவையில் அந்தக் கட்சியின் குரலே இல்லை.

எதை எதிர்த்தார், எதை ஆதரித்தார்?

2019-க்குப் பிறகு மக்களவையில் திமுக குழுவை வழிநடத்தியவர் பாலு. அந்தக் குழு எடுத்த முக்கிய நிலைப்பாடுகள் இவை:

• காஷ்மீர் (ஆகஸ்ட் 2019): சிறப்பு அந்தஸ்து நீக்கத்துக்கும் மாநிலத்தைப் பிரித்ததற்கும் எதிர்ப்பு. மாநில மக்களைக் கேட்காமல் மாநிலத்தையே மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

• குடியுரிமைத் திருத்தச் சட்டம் (டிசம்பர் 2019): மக்களவையில் 311-80 என்று நிறைவேறியது. திமுக எதிர்த்து வாக்களித்தது. முஸ்லிம்களும் இலங்கைத் தமிழர்களும் விடுபட்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

• வேளாண் சட்டங்கள் (2020): எதிர்ப்பு. அடுத்த ஆண்டே அவை திரும்பப் பெறப்பட்டன.

• மகளிர் இடஒதுக்கீடு (செப்டம்பர் 2023): ஆதரவு. 454-2 என்று நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகே அமல் என்ற நிபந்தனையைத் திமுக ஏற்கவில்லை.

• ஒரே நாடு ஒரே தேர்தல் (டிசம்பர் 2024): மசோதாவை அறிமுகம் செய்யும்போதே எதிர்ப்பு தெரிவித்துப் பேசியவர்களில் பாலுவும் ஒருவர். அறிமுகத்துக்கு ஆதரவாக 269, எதிராக 198. அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு அரசிடம் இல்லை என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது.

• வக்பு திருத்தச் சட்டம் (ஏப்ரல் 2025): எதிர்ப்பு. 288-232 என்று நிறைவேறியது.

இதை மட்டும் பார்த்தால் கணக்கு ஈஸி. லிபரல் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அது அவர் ஓட்டா, கட்சி ஓட்டா?

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவியே போய்விடலாம். அதனால் முக்கியமான வாக்கெடுப்புகளில் விழுவது தனி மனிதரின் மனசாட்சி ஓட்டு கிடையாது, கட்சியின் ஓட்டு.

அப்படியென்றால் ஒரு எம்.பி.யின் சொந்தச் சிந்தனையை எங்கே தேடுவது? கேள்வி நேரம், தனிநபர் மசோதா, நிலைக்குழு ஆகியவற்றில் தேடலாம். பாலுவின் கட்சியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அந்த அவையைத் தாண்டுவது ரொம்ப அபூர்வம்.

பாலுவின் பாதை வேறு. அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கையில் ஒரு பெரிய பகுதி அமைச்சர் நாற்காலியில் போனது. அமைச்சர்கள் அவையில் கேள்வி கேட்க மாட்டார்கள், பதில்தான் சொல்வார்கள். ஆக, அவரை எடைபோட அவர் பொறுப்பில் இருந்த துறைகள் செய்ததையும் பார்க்க வேண்டும்.

அமைச்சராக என்ன செய்தார்?

1996-98ல் பெட்ரோலியத் துறை இணையமைச்சர். 1999 அக்டோபர் முதல் 2003 டிசம்பர் வரை வாஜ்பாய் அமைச்சரவையில் சுற்றுச்சூழல், வனத் துறை அமைச்சர். 2004 முதல் 2009 வரை மன்மோகன் சிங் அமைச்சரவையில் கப்பல், சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர்.

சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோதுதான் 2002-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் நம்ம தரமணியில் இருக்கிறது. அதே ஆண்டு டெல்லியில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் பாலுதான். பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்ததும் 2002-ல், அதே அமைச்சகத்தின் கீழ் இருந்த குழுவிடம் இருந்துதான்.

நெடுஞ்சாலைத் துறைக் காலத்தின் அடையாளம் தினமும் கண்ணில் படுகிறது. 2008-ல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டம்.

சேது சமுத்திரம் அப்படி முடியவில்லை. 2005 ஜூலையில் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். 167 கி.மீ. நீளம், மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். பாலுவின் கனவுத் திட்டம் என்றே பேசப்பட்டது. ராமர் பாலம் விவகாரத்தில் 2007-ல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. மத அரசியல் ஒரு பக்கம் என்றால், மீனவர்களும் சூழலியலாளர்களும் எழுப்பிய கேள்விகள் இன்னொரு பக்கம். மாற்றுப் பாதையை ஆராய்ந்த பச்சௌரி குழு, பொருளாதார ரீதியாகவும் சூழல் ரீதியாகவும் அது சரிவராது என்று சொன்னது. முந்தைய ஆட்சியில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவரே அடுத்த ஆட்சியில் இந்தத் திட்டத்துக்காக நின்றார்.

2002: ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள்

லிபரல் என்ற பெயருக்குச் சரியான பரீட்சை இந்த ஆண்டில் இருக்கிறது.

முதலாவது, பொடா. விசாரணை இல்லாமல் நீண்ட காலம் சிறையில் வைக்க வழிசெய்த அந்தச் சட்டம் 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அப்போது பாலு கேபினட் அமைச்சர். சில மாதங்களிலேயே தமிழ்நாட்டில் வைகோ அதே சட்டத்தில் கைதானார். 2004-ல் பொடாவை நீக்கிய அரசிலும் பாலு கேபினட் அமைச்சர்.

இரண்டாவது, அவருடைய சொந்த அமைச்சகம் தொடர்பானது. 2002 மே 3-ம் தேதி சுற்றுச்சூழல், வனத் துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வரன்முறைப்படுத்தத் தகுதியில்லாத வன ஆக்கிரமிப்புகளைச் செப்டம்பர் 30-க்குள் அகற்ற வேண்டும் என்பது உத்தரவு. தலைமுறைகளாகக் காட்டில் இருந்த, ஆனால் கையில் காகிதம் இல்லாத பழங்குடிகளும் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லுக்குள் வந்தார்கள். பல மாநிலங்களில் குடிசைகள் இடிக்கப்பட்டன. அதற்கு எதிராக எழுந்த போராட்டம்தான் 2006 வன உரிமைச் சட்டம் வரை போனது. பழங்குடிகளுக்கு 'வரலாற்று அநீதி' நடந்தது என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சட்டம் வந்தபோதும் பாலு கேபினட்டில் இருந்தார்.

இரண்டு விஷயத்திலும் முடிவை எடுத்த அரசிலும் அவர் இருந்தார், அதைத் திருத்திய அரசிலும் இருந்தார். கூட்டணி மாறியது, கொள்கையும் மாறியது.

இதுக்கும் அனகாபுத்தூருக்கும் என்ன சம்பந்தம்?

'ஆக்கிரமிப்பு' என்ற அதே சொல்தான் சம்பந்தம். நெசவுக்குப் பேர்போன இந்த ஊரில், 2025 மே மாதம் அடையாற்றுக் கரையில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பல ஆண்டுகளாக வரி, மின் கட்டணம் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் வேறு இடங்களில் உள்ள வாரியக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பதும் பொய்யில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பகுதி மறக்காது. ஆனால் ஆற்றை நெருக்கியது வீடுகள் மட்டும்தானா? பக்கத்திலேயே சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுக் கடக்கிறது.

கரையோர வீடுகளை அகற்றுவது மாநில அரசின் வேலை, எம்.பி.யின் உத்தரவு இல்லை. ஆனால் விமான நிலையம் மத்திய அரசுடையது, வீட்டுவசதித் திட்டங்களில் மத்திய நிதி இருக்கிறது, நீர்நிலை பற்றிய சூழல் விதிகளில் பல டெல்லியில் எழுதப்படுகின்றன. நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராகவே இருந்த ஒருவர் இங்கே எம்.பி. என்பதால், அவரிடம் இதைக் கேட்க வாக்காளருக்குக் கூடுதல் காரணமே இருக்கிறது.

வேறு விமர்சனங்கள்?

நீட் விலக்கு மசோதாவுக்காக 2022 ஜனவரியில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் குழு உள்துறை அமைச்சர் அமித் ஷாவைச் சந்தித்தது. தலைமை பாலு. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார். "2010-ல் நீட் அறிவிக்கை வந்தபோது திமுகவும் மத்திய ஆட்சியில்தானே இருந்தது?" என்பது எதிர்த்தரப்பின் பதிலடி.

இன்னொன்று 2008-ல் வந்தது. தன் குடும்பத்தினர் தொடர்புடைய நிறுவனங்களுக்கு எரிவாயு ஒதுக்கக் கேட்டதை அமைச்சராக இருந்த பாலு மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். அதில் தவறில்லை என்பது அவருடைய வாதம். பெரிய சர்ச்சையானது. 2009-ல் அமைந்த அமைச்சரவையில் அவர் இடம்பெறவில்லை.

அப்போ லிபரலா, இல்லையா?

மாநில உரிமை, சிறுபான்மையினர், இடஒதுக்கீடு ஆகிய மூன்றிலும் 2019-க்குப் பிந்தைய பதிவில் தடுமாற்றம் இல்லை. தனிமனித உரிமையும் சூழலும் வளர்ச்சித் திட்டத்தோடு மோதும் இடங்களில், அதிலும் அவர் ஆட்சியில் இருந்த ஆண்டுகளில், பதிவு கலவையானது. எதிர்க்கட்சி வரிசையில் சொன்னதை மட்டும் படித்தாலும், அமைச்சராக நடந்ததை மட்டும் படித்தாலும் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நீங்களே எப்படிச் சரிபார்ப்பது?

நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்கும் கீழே அவர் கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் இருக்கின்றன. மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று தனித்தனியாகப் பதிவாகாது. அமைச்சராக இருந்த ஆண்டுகளில் கேள்விகளே இருக்காது, அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி எங்கே போனது என்பதும் பொதுத் தகவல்தான்.

அடுத்த முறை கத்திப்பாராவில் டிராபிக்கில் நிற்கும்போது போனில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தேடலில் 'அடையாறு' என்று போட்டுப் பாருங்கள்.